லாபம் என்கிற முதல் டிரம்

“அண்ணன் விழுந்துட்டாரு மதினி. பஸ் ஸ்டாண்டு முக்குல வந்து நில்லுங்க. ஜீப்பு மலை எறங்கி முந்தல் தாண்டிருச்சு” என்று என் கொழுந்தன் போனில் கத்தியபோது, நான் போடி ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வடையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தேன். எங்கேயிருந்து விழுந்தார், பாறையிலிருந்தா, பைக்கிலிருந்தா என்று கேட்டேன். “வாயில நொர தள்ளுது மதினி” என்றான். போன் கட்டாகிவிட்டது. கையிலிருந்த வடையை என்ன செய்தேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை. முக்கில் போய் நின்றபோது என் காலில் செருப்பில்லை.

ஜீப்பின் பின்சீட்டில் என் வீட்டுக்காரரைப் படுக்கவைத்து, தலையைத் தன் மடியில் ஏந்தியிருந்தான் கொழுந்தன். அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது. கண் பாவை கடுகு அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. தொடைச் சதை தன்னால் துடித்துக்கொண்டிருந்தது. பூண்டை நசுக்கினமாதிரி ஒரு வாடை. ஏலக்காட்டில் மருந்தடிக்கிறவர் வீட்டில் அந்த வாடை புதிதில்லை. சட்டையில் வரும், சோப்புப் போட்டு அலசினால் போய்விடும். அன்றைக்கு அது அவர் மூச்சிலிருந்தே வந்தது. கன்னத்தைத் தட்டி, “இந்தாங்க, இங்க பாருங்க, என்னையப் பாருங்க” என்றேன். அவர் பார்க்கவில்லை.

தேனி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை கொழுந்தன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீடும் அவன் வீடும் ஒரே வளவு, நடுவில் ஒற்றைச் சுவர். அவனுக்கும் அதே எஸ்டேட்டில்தான் வேலை. காலையில் நான் கத்தியது அவன் காதில் விழாமல் இருந்திருக்காது.

மறுநாள் தேவாரத்தில் என் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. வருகிறேன் என்று பத்து நாளாகத் தலையாட்டிக்கொண்டிருந்த மனுஷன், விடிந்ததும் டிபன் பாக்சைத் தேடிக்கொண்டே, “நாளைக்கு வரமுடியாது, புது மருந்து வந்திருக்கு, இன்னைக்கு எங்க பிளாக்கு, நாளைக்கு மேல் பிளாக்கு, ரெண்டுலயும் நான்தான் தொடங்கணுங்கிறாங்க” என்றார். அவருக்குக் கைராசி என்று எஸ்டேட்டில் ஒரு பேர். முதல் டிரம்மை ராசியான ஆள்தான் திறக்க வேண்டும். மருந்தைக் கலக்கி, ஒரு கை அள்ளி, கிழக்கே பார்த்து முதல் செடிக்குத் தெளித்த பிறகுதான் மற்றவர்கள் மோட்டாரைப் போடுவார்கள். அது ஒரு பழக்கம். எந்தச் சாமி சொன்னதோ தெரியாது.

எனக்கு வந்ததே ஆத்திரம். “ஆமா, பெரிய கைராசி! அந்த டிரம்மையே கட்டிக்கிட்டு அழுங்க. போறதுதான் போறீங்க, அப்படியே போயிருங்க. திரும்பி வந்து என் உசுர வாங்காதீங்க” என்றேன். கோபம் வந்தால் என் வாய்க்குக் கதவு கிடையாது. ஊருக்கே தெரியும், அவருக்கும் தெரியும். எப்போதும் சிரிப்பார். “மிச்சத்த வச்சிரு, சாயந்தரம் வந்து வாங்கிக்கிறேன்” என்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. டிபன் பாக்சை எடுக்காமலே போய் ஜீப்பில் ஏறிவிட்டார்.

நான் பார்க்கிற சோலியைச் சொல்லாவிட்டால் இனி வருவது விளங்காது. நான் கம்ப்யூட்டர் படித்தவள். போடியில் இருக்கிற எஸ்டேட் ஆபீசில் கணினி சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் மலையில் ஏலக்காட்டைப் பிளாக் பிளாக்காகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிளாக்கிலும் பாதையோரமாகத் தண்ணீர் டிரம்கள் வரிசையாக நிற்கும். எந்த டிரம்மில் எவ்வளவு மருந்து ஊற்றுவது என்று ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு வரிசை எண்கள் உண்டு. செடியின் வயசு, பூச்சியின் தொல்லை, இதைப் பொறுத்து டிரம்முக்கு டிரம் மாறும். கங்காணிகள் சொல்லச் சொல்ல அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியவள் நான்தான்.

அந்தச் சமயத்தில் பழைய மருந்து வருவது நின்றுபோய்ப் புது மருந்து வந்தது. சரக்கு அதேதான், காரம் மட்டும் நாலு மடங்கு. ஆகவே எல்லா எண்ணையும் நாலால் வகுக்க வேண்டும். முதலாளியின் மருமகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறார். அவர் ஒரு சின்ன புரோகிராம் எழுதி மெயிலில் அனுப்பிவைத்தார். கல்லூரியில் அர்ரே என்று படித்த அதே சங்கதிதான். எண்களை வரிசையாக நிற்கவைத்து, ஒரு கணக்கைச் சொல்லி, இதை ஒவ்வொன்றுக்கும் செய் என்று ஒரே வரியில் உத்தரவு போட்டுவிடலாம். முதல் எண்ணிடம் போகும், வகுக்கும், விடையை அதே இடத்தில் வைக்கும், அடுத்ததற்கு நகரும், வரிசை முடிகிறவரை இதே வேலை. பத்து எண் என்றாலும் ஒரு வரிதான், பத்தாயிரம் என்றாலும் ஒரு வரிதான்.

எனக்கு அந்த ஒரு வரிமேல் கொள்ளை ஆசை. மனுஷனிடம் பத்து வேலை சொன்னால் எட்டைச் செய்துவிட்டு, ‘அய்யய்யோ மறந்துட்டேனே’ என்று தலையைச் சொறிவான். என் வீட்டிலேயே ஒருத்தர் அப்படி இருக்கிறார். அர்ரேயிடம் அந்தப் பேச்சே கிடையாது. ஒவ்வொன்றுக்கும் என்றால் ஒவ்வொன்றுக்கும்தான். பட்டனை அழுத்தினேன். திரையில் எண்கள் மளமளவென்று குறைந்து ஓடின. இங்கொன்றும் அங்கொன்றுமாகப் போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. அந்தந்தப் பிளாக்கின் வாட்சப் குரூப்புக்கு அனுப்பிவிட்டு, டீ சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர், சின்ன வயசுதான், என் வீட்டுக்காரரின் சட்டையைக் கத்தரித்து எறியச் சொல்லி, உடம்பு முழுக்க சோப்புத் தண்ணீரால் துடைக்கவைத்து, கையில் ஊசிமேல் ஊசியாகப் போட்டுக்கொண்டே கேட்டார்: “என்ன மருந்தும்மா? எவ்வளவு கலந்தாங்க?”

மருந்துப் பேரைச் சொன்னேன். அளவை நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. “டிரம்முக்கு நூறு மில்லிக்கு மேல போகாது டாக்டர். எல்லாத்தையும் நாலால வகுத்தாச்சு. நான்தான் அனுப்புனேன்” என்றேன்.

கூட வந்த ஜீப் டிரைவர், மலையில் நடந்ததைச் சொன்னார். இவர் முதல் டிரம்மைக் கலக்கி, கையால் தெளித்து, அடிக்க ஆரம்பித்திருக்கிறார். மோட்டாரின் ஓஸ் குழாய் கழன்று நெஞ்சில் பீச்சியடித்திருக்கிறது. துண்டால் துடைத்துவிட்டு அப்படியே அடித்தாராம். கொஞ்ச நேரத்தில், தலை ஒரு மாதிரி இருக்கிறது என்று தனியாகப் போய்ப் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். போய்ப் பார்த்தால் நுரை தள்ளிக் கிடந்தார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். “அவ்வளவு கம்மியா கலந்திருந்தா, மேல பட்டதுக்கு இவ்வளவு தூரம் வராதேம்மா. தனியா வேற போயிருக்காரு. வாய் வழியா ஏதும் போயிருக்குமா? வீட்டுல ஏதாவது பிரச்சினையா?”

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். மருந்து வாடையோடு வருகிற யாரைப் பற்றியும் கேட்கிற கேள்விதான்; கேட்காவிட்டால்தான் தப்பு. ஆனால் எனக்குத் தலையில் அம்மியைத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது.

கொழுந்தன் வெடித்துவிட்டான். “என்ன பிரச்சினையா? இந்தா நிக்கிதுல்ல, இதுகிட்டயே கேளுங்க டாக்டர்! காலங்காத்தால சாகச் சொல்லி அனுப்புச்சு. அப்படியே போயிருன்னு சொன்னியே, போயிட்டாரு பாரு. இப்ப சந்தோசமா ஒனக்கு?” வராண்டாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை என்னை வாங்க போங்க என்பதைத் தவிர வேறு சொல் சொல்லாதவன் அவன். “இனிமே ஒம் மூஞ்சில முழிச்சேன், நான் ஒரு அப்பனுக்குப் பொறந்தவனே இல்ல” என்று சொல்லிவிட்டு வாசல்பக்கம் போய்விட்டான்.

ஒன்று சொன்னால் நாலு சொல்லுகிறவள் நான். ஆனால் அன்றைக்கு எனக்குள்ளேயும் அதே கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. டிரம்மில் இருந்தது கொஞ்சம் மருந்து. கொஞ்சம் மருந்து மேலே பட்டால் இப்படி ஆகாது. அப்படியென்றால் இது டிரம்மிலிருந்து வரவில்லை. அப்படியென்றால் பாட்டிலிலிருந்து வந்திருக்கிறது. எங்கே தட்டிப் பார்த்தாலும் கணக்கு உறுதியாக நின்றது. அய்யோ, ஒரு காதுகுத்துக்காகவா என்று என்னை நானே கேட்டேன். சிரிக்காமல் போனாரே, சாப்பாட்டை எடுக்காமல் போனாரே என்று ஒவ்வொன்றாக வந்து அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொண்டது. அந்த ராத்திரி எப்படிப் போனது என்று நான் எழுதப் போவதில்லை.

விடிகிற நேரத்தில் அவர் பிதற்ற ஆரம்பித்தார். ஊசி மருந்தினால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். கையை ஆட்டி ஆட்டிக் குழாயைப் பிடுங்கப் பார்த்ததால், துணியால் இரண்டு கையையும் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். கொழுந்தனைக் காணோம். வாசலில் இருந்த சொந்தக்காரர் ஒருவர்தான் சொன்னார்: “அவன் எஸ்டேட்டுக்குப் போயிட்டான்மா. மேல் பிளாக்குல இன்னைக்கு மருந்தாம். அண்ணன் தொடங்க வேண்டியத தம்பி தொடங்கட்டும்னு கங்காணி கூப்பிட்டாராம். ஒன்னையப் பாத்துக்கிட்டு இங்க ஒக்கார முடியாதுன்னுட்டான்.” போகட்டும், நானே என்னைப் பார்க்கமுடியாமல்தான் இருந்தேன். எஸ்டேட்டும் மருந்தை நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தும்? மருந்தில் தப்பில்லை, ஆள் குடித்துவிட்டான் என்றுதானே எல்லாரும் முடிவுகட்டியிருந்தோம்.

டூட்டி மாறும்போது அந்த டாக்டரம்மா, “அளவைச் சரியா எழுதணும். அந்த டிரம்முல எவ்வளவுன்னு பாத்துச் சொல்லுங்க” என்று கேட்டார். போனை எடுத்து, எங்கள் பிளாக்குக்கு நான் அனுப்பியிருந்ததைத் திறந்தேன்.

லாபம் – 400

2 – 90

3 – 100

4 – 75

வாசித்துச் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நானூறு. கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். நானூறு. பழைய மருந்துக்கு இருந்த அளவு. வகுக்காத எண்.

எங்கள் பக்கம் அளக்கும்போது யாரும் ஒன்று என்று சொல்லமாட்டார்கள். நெல்லானாலும் ஏலக்காயானாலும் முதல் படியை லாபம் என்பார்கள், அடுத்தது ரெண்டு, மூணு. முதல் எண்ணிக்கையே மங்களமாக இருக்கட்டும் என்று. தண்ணீர் டிரம்களுக்கும் அதே பழக்கம்தான். முதல் டிரம்மில் வெள்ளை பெயின்டால் லாபம் என்றே எழுதியிருப்பார்கள். கங்காணி “லாபம் நானூறு, ரெண்டு முந்நூத்தி அறுவது” என்று சொல்ல, லாபத்தை லாபம் என்றே எழுத்திலும், ரெண்டு மூணையெல்லாம் எண்ணிலும் தட்டினேன். எனக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. என் அம்மா அரிசி அளந்தாலும் லாபம்தான், நான் அளந்தாலும் லாபம்தான்.

மெயிலில் இருந்த புரோகிராமைப் போனிலேயே திறந்தேன். அந்த அழகான ஒரு வரி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் இதைச் செய். அதற்கு மேலே இன்னொரு வரி இருந்தது. டிரம் எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லாவிட்டால், அது தலைப்பு. அதைத் தொடாமல் அப்படியே விட்டுவிடு. அந்த வரியைப் போன வாரமே பார்த்திருக்கிறேன். நல்ல வழக்கம்தான் என்று நினைத்திருக்கிறேன். பெங்களூரில் உட்கார்ந்து எழுதியவருக்கு ஒன்று என்கிற இடத்தில் ஒரு ஊரே லாபம் என்று எழுதும் என்று எப்படித் தெரியும்? புரோகிராம் லாபத்தைப் பார்த்தது. இது எண் இல்லை, தலைப்பு என்றது. பழைய நானூறோடு அதைத் தாண்டிப் போய், மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காக வகுத்துவிட்டு வந்தது. என் மனுஷன் நாலு மடங்கு மருந்தில் கையை முக்கி எடுத்துக் கிழக்கே தெளித்திருக்கிறார். அதே தண்ணீர்தான் நெஞ்சில் பீச்சியடித்திருக்கிறது.

“டாக்டர், அவர் குடிக்கல! டாக்டர், குடிக்கல!” என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். நர்சு ஓடிவந்து என் தோளைப் பிடித்தார். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அவர் கை கட்டப்பட்டுக் கிடக்கிறார், எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். டாக்டரம்மா எண்ணைப் பார்த்தார், குறித்துக்கொண்டார். “வைத்தியம் ஒண்ணுதான்மா. ஆனா நல்லவேளை சொன்னீங்க” என்றார். பிறகு, போகிற போக்கில், “மத்த டிரம் எல்லாம் சரியாத்தானே இருக்கு?” என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மற்ற டிரம் எல்லாம் சரிதான். மற்ற பிளாக்குகள்? எல்லா பிளாக்குக்கும் அதே புரோகிராம்தான் ஓடியது. எல்லா பிளாக்கிலும் முதல் டிரம்முக்கு அதே பேர்தான். ஒவ்வொரு பிளாக்கிலும் யாரோ ஒரு ராசியான மனுஷன் அதில் கையை விடப் போகிறான். மேல் பிளாக்கில் அது என் கொழுந்தன்.

மணியைப் பார்த்தேன். போடியில் ஜீப்பெல்லாம் கிளம்பியிருக்கும். எல்லா குரூப்பிலும், ‘லாபம் டிரம்மைத் தொடாதீங்க, அளவு தப்பு, விஷம்’ என்று தட்டி அனுப்பினேன். கங்காணிகளை ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டேன். எடுத்தவர்களிடம் விளக்கம் சொல்ல நேரமில்லை. “மருந்த நிறுத்துங்க அண்ணே, கேள்வி கேக்காதீங்க, நிறுத்துங்க” என்றேன். என் குரலைக் கேட்டே நிறுத்திவிட்டார்கள். மேல் பிளாக் கங்காணிக்கு லைன் போகவில்லை. அந்தப் பக்கம் எப்போதும் சிக்னல் இருக்காது. கொழுந்தனைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, வெட்டினான். திரும்பக் கூப்பிட்டேன், வெட்டினான். மூன்றாவது தடவை என் நம்பரையே பிளாக் பண்ணிவிட்டான். ஒரு அப்பனுக்குப் பொறந்தவன், சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான். நாசமாய்ப் போக!

ஜீப் டிரைவர் ஞாபகம் வந்தது. அவர் எடுத்தார். “போடிமெட்டுல சாயா குடிச்சிக்கிட்டு இருக்கோம்க்கா. அண்ணனுக்கு எப்படி இருக்கு?”

“அத விடுங்க. என் கொழுந்தன் ஒங்க வண்டியிலயா இருக்கான்? போன அவன்கிட்டக் குடுங்க.”

அந்தப் பக்கம் ஏதோ பேச்சு. “வாங்க மாட்டேங்கிறான்க்கா.”

“அப்ப ஸ்பீக்கர்ல போடுங்க. அவன் காதுகிட்டக் கொண்டுபோங்க.” போட்டார். நான் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று கத்தினேன். “டேய் தம்பி, லாபத்தத் தொடாத! அந்த ஒரு டிரம்முக்கு மட்டும் வகுக்காம போயிருச்சு. நாலு மடங்கு மருந்துடா. ஒங்கண்ணன் குடிக்கல. டிரம்முதான் அவரக் கொல்லப் பாத்துச்சு!”

சாயாக்கடையில் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல்: “பண்றதையும் பண்ணிட்டு, இப்ப டிரம்மு மேல பழியப் போடுறியா?”

“என்னைய என்ன வேணாலும் சொல்லு. கீழ வந்து செருப்பக் கழட்டி அடி. வாங்கிக்கிறேன். அதுல மட்டும் கைய விட்டுறாத சாமி. ஒன் பிள்ளைக மேல சத்தியம்...” என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் மூன்று பாஷையில் சொன்னாள்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்று பக்கத்துக் கட்டில்காரர்தான் பின்னால் சொன்னார். வராண்டாவில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தேனாம். போகிற வருகிறவர்களிடம் எல்லாம், ‘மேல் பிளாக்குல யாராச்சும் தெரியுமா’ என்று கேட்டேனாம். எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் ஒன்றுதான். ஒரு அம்மா பெற்ற இரண்டு பேரையும் ஒரே டிரம்முக்குக் கொடுத்துவிட்டேனே என்று நினைத்தது.

வெயில் ஏறிய பிறகு டிரைவர் நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்துக் காதில் வைத்தேன். அழுகைச் சத்தம்.

“மதினி” என்றான் கொழுந்தன். “மதினி, நான் தொடல.” அழுகைக்கு நடுவில் சொன்னான். என்னிடம் வீம்பாகப் பேசிவிட்டு ஜீப்பில் ஏறியவனிடம், டிரைவர் சும்மா இருக்காமல் குரூப்பில் இருந்த எண்களை மூஞ்சிக்கு நேராகக் காட்டியிருக்கிறார். லாபத்துக்கு நேரே முந்நூற்று அறுபது, ரெண்டுக்கு நேரே எண்பது. அதைப் பார்த்தும் அவன் முழுசாக நம்பவில்லையாம். மூடியைத் திறந்து அந்த அளவை டிரம்மில் ஊற்றியபோது அடித்த நெடியில் கண்ணில் தண்ணீர் கொட்டியதாம். பின்னால் நகர்ந்து, எல்லாரையும் விலகச் சொல்லி, டிரம்மை மூடி, சுற்றிலும் கயிறு கட்டச் சொன்னானாம். அப்புறம் சிக்னல் கிடைக்கிற இடம்வரை ஓடிவந்திருக்கிறான். “அண்ணனப் போயி தப்பா நெனச்சிட்டேனே மதினி. ஒங்களயும் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். எம்புட்டு பெரிய பாவி நானு.”

“அழுகாதடா. கீழ வா” என்றேன்.

மத்தியானம் பெங்களூர் மருமகன் கூப்பிட்டார். “முதல் கட்டத்துல எண்தானே இருக்கும்னு நெனச்சேங்க. ஒண்ணுக்குப் பதிலா லாபம்னு யாருங்க எழுதுவாங்க?” என்றார். “எங்க ஊர்ல எல்லாரும் எழுதுவோம். ஒங்க மாமனார் வீட்டு அரிசியையும் அப்படித்தான் அளக்குறாங்க, போய்க் கேளுங்க” என்று எரிந்து விழுந்தேன். அந்த வரியை நானே எடுத்தேன். இப்போது தெரியாத சொல் வந்தால் புரோகிராம் தாண்டிப் போகாது; நின்று கத்தும். நான் பதில் சொல்லாமல் அடுத்ததற்கு நகராது. லாபம் டிரம்முக்கு ஒன்று என்று மாற்றி எழுதச் சொன்னதற்குக் கங்காணிகள் ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை. மூதேவி பிடிக்கும் என்கிறார்கள். கையால் தெளிக்கிறதை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் அவருக்கு நினைவு திரும்பியது. கைக்கட்டை அவிழ்த்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்ன நடந்தது என்று கேட்டார். “டிரம்முல கலக்குனது மேல பட்டுருச்சு சார். ஓஸ் கழண்டுருச்சு” என்றார் இவர்.

“வீட்டுல சண்டை சச்சரவு ஏதாவது?”

“சண்ட இல்லாத வீடு எங்க சார் இருக்கு? இருந்தா சொல்லுங்க, வாடகைக்குப் போயிர்றேன்.” போலீஸ்காரர் சிரித்துவிட்டார். எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். எனக்கும் சிரிப்பு வந்தது. மனுஷன் திரும்பி வந்துவிட்டார் என்று அப்போதுதான் நம்பினேன்.

கொழுந்தன் மலைச் சேறு காயாத காலோடு வந்து, அவர் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். “நீ குடிச்சிட்டன்னு நெனச்சிட்டேண்ணே.” இவர் அவன் தலையில் தட்டி, “போடா கிறுக்குப் பயலே. போய் எனக்கு ஒரு இளநி வாங்கியா” என்று அனுப்பிவைத்தார்.

அவன் போனதும் என் பக்கம் திரும்பினார். முதல் நாள் கடுகாய்க் கிடந்த கண் பாவை, ஊசி மருந்தில் இப்போது அகலமாக விரிந்திருந்தது. வெளிச்சம் கூசியும் என்னையே பார்த்தார்.

“அவன் நெனச்சது கெடக்கட்டும்” என்றார். “நீ என்ன நெனச்ச?”

நான் அவசர அவசரமாக டிரம்மைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். நானூறு இருந்தது, வகுக்காமல் விட்டுப்போனது, நான்தான் கண்டுபிடித்தேன், டாக்டரிடம் ஓடினேன், மலைக்கெல்லாம் போன் போட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“அது காலையில. நான் கேக்குறது நேத்து ராத்திரிய.”

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எத்தனையோ சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர் பார்த்துவிட்டார்.

“ஏன்டி” என்றார். மருந்தில் காய்ந்துபோன தொண்டையிலிருந்து சத்தம் பாதிதான் வந்தது. “ஒன்னைய விட்டுட்டா நான் போவேன்?”